அப்பா வழிப் படபடப்பு

பூன் கெங், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

பேரன்புமிக்க அக்கா ரத்தினம்மாவுக்கு,

தம்பி அண்ணாதுரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஜெயக்கொடியும் எங்கள் மகள் தாரணியும் நலம். குளுவாங்கில் நீயும் அத்தானும், உன் முழங்கால் நீங்கலாக, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்காலும் சீக்கிரம் உங்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன்.

போனில் நீ "தாரணிக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டதும் நான் அழுதுவிட்டேன். நான் அழுவது கேட்டதும் நீயும் அழுதாய். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிட்டோம். அதனால்தான் எல்லாவற்றையும் நிதானமாக எழுதுகிறேன். உட்கார்ந்து படி, அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொள். பயப்பட ஒன்றுமில்லை. அப்படிச் சொன்னால் உனக்கு இன்னும் பயம் வரும் என்று தெரியும், ஆனால் சொல்லாமல் எப்படி ஆரம்பிப்பது?

விஷயம் இதுதான். ஒருநாள் காலை தாரணி வழக்கம்போல எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போயிருக்கிறாள். ஃபேரர் பார்க் ஸ்டேஷனைத் தாண்டியதும் நெஞ்சு அடித்துக்கொண்டு, விரல் மரத்து, மூச்சு முட்டி, இதோ சாகப்போகிறோம் என்றே நினைத்து, லிட்டில் இந்தியாவில் இறங்கி நடைமேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் மருத்துவமனைக்கு ஓடினோம். இதயத்தைச் சோதித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார்கள். "இன்னொரு தடவை பாருங்க" என்றேன். பார்த்தார்கள், அப்போதும் குறை இல்லை. மூன்றாம் முறை கேட்க வாயைத் திறந்தபோது தாதி என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்தவள் உடனே என்னைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டாள். கடைசியில் நான் கட்டிலில், நோயாளியாக வந்த பெண் எனக்குத் தண்ணீர் வாங்க வரிசையில்.

அதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயராம். உடம்பில் ஒன்றுமில்லை, ஆனால் பொய்யும் இல்லை. அதற்கென்று இருக்கிற மருத்துவரிடம் போகச் சொல்லித் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் இரண்டாவது இடி. தாரணியின் அலமாரியில் பாச்சை உருண்டை போடலாம் என்று திறந்தால், துணிக்கு அடியில் ஒரு ஹெல்மெட்! நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து, யார் செத்தது என்று மலாயில் கேட்டார். காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் மோட்டார் சைக்கிள் என்ற சொல்லைக் கண்டாலே சிவப்புப் பேனாவை எடுத்தவன் நான் என்று உனக்குத் தெரியும்.

"என்னம்மா இது?"

"ஹெல்மெட்பா. என் கலீக் யாசர் பைக்ல பின்னாடி உட்கார்ந்து போறேன். ட்ரெயின்ல ஏற முடியல லா. நான் என்ன செய்ய?"

"என்ன ஸ்பீடுல போறான்?"

"ரோட்டுக்கு ஏத்த ஸ்பீடு."

இது பதிலா, அக்கா? எந்த ரோடு, எவ்வளவு ஏற்றது? அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. நூலகத்துக்குப் போய் மரபணு, மனநலம் என்று கைக்கு வந்ததையெல்லாம் படித்தேன். பதற்றம் குடும்பத்தில் தொடர்ந்து வரலாமாம், துணிச்சலாகத் தலையைக் கொடுக்கிற குணமும் அப்படியேயாம். நம் அப்பாவை நினைத்துப் பார். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடிவருவார், அணைந்திருப்பதைப் பார்த்த பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று இன்னொரு தடவை வருவார். நம் சித்தப்பா நேர் எதிர். பந்தயம் கட்டிப் பொங்கோல் கடலில் நீந்திப் போய், மீன்பிடிப் படகில் கம்பளி போர்த்திக்கொண்டு திரும்பி வந்தவர். நானோ லிஃப்டில் தனியாகப் போகாதவன். இத்தனையும் என் வழியாக ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே! படபடப்பு அப்பாவிடமிருந்து, பைக் சித்தப்பாவிடமிருந்து. நடுவில் குழாய் மாதிரி நான். அன்று மாலை பப்பாளியைத் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு போய், "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். "எதுக்குப்பா?" என்றாள். "அது ரத்தத்துல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் என் சர்க்கரை அளவைச் சொல்கிறேன் என்று நினைத்து, இனிமேல் அப்பாவுக்கு இனிப்பு கிடையாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

மருத்துவரைப் பார்க்கும் நாள் வந்தது. டாக்டர் யும்னா நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது, தலையில் வெளிர்நீல முக்காடு, நிதானமான குரல். தாரணி எங்களையும் உள்ளே வரச் சொன்னாள். கொஞ்ச நேரம் அவளிடம் பேசிவிட்டு டாக்டர் பொதுவாகக் கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி பதற்றம், படபடப்பு இருந்திருக்கா?"

அக்கா, நான் இதற்காகத்தானே காத்திருந்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். அப்பாவின் கேஸ் அடுப்பைச் சொன்னேன். சித்தப்பாவின் கடலைச் சொன்னேன். பெரியத்தை இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போனதைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே, உன்னையும் சொன்னேன். விமானம் ஏறப் பயந்து காசிக்குப் போகாமலே இருக்கிறாய் என்றேன். என் லிஃப்டைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாம் எங்க ரத்தம் டாக்டர். நான்தான் குடுத்தேன். இந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். அதுவரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெயக்கொடி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, தாரணிய நாம தத்தெடுத்தோம்."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நம்பு அக்கா, சத்தியமாக அப்போதுதான் வந்தது. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவளுக்கு முதலில் பால் புகட்டியது நீதான். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லித்தான் வளர்த்தோம். வருஷா வருஷம் அந்த நாளில் காத்தோங் செண்பக விநாயகருக்கு அர்ச்சனை செய்கிறோம். ஊருக்கும் தெரியும், உறவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறந்துபோனது எனக்கு மட்டும்தான்.

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. தாரணியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். பிறகு அது கொஞ்சம் அழுகையாகவும் ஆயிற்று. டாக்டர் ஏதோ தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்து, வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"அப்ப எங்கிட்டேருந்து அவளுக்கு ஒண்ணுமே வரலையா, டாக்டர்?" என்று கேட்டேன். இத்தனை நாள் கொடுத்துவிட்டோமே என்று அழுதவன், கொடுக்கவில்லை என்றதும் பறிகொடுத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, பிறப்போட வர்றது ஒரு பங்குதான்" என்றார் டாக்டர் யும்னா. "தாரணியப் பெத்தவங்க பக்கம் என்னன்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அது மட்டும் எதையும் முடிவு பண்ணாது. வளர்ற வீடு, வேலை, தூக்கம், கூட இருக்கறவங்க, எல்லாம் சேர்ந்துதான். யார் மேலயும் பழி போட வேணாம்."

தாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நிறைய வந்துச்சுப்பா. எந்தக் கட்டடத்துக்குள்ள போனாலும் முதல்ல எக்ஸிட் எங்கேன்னு பாருன்னு சொன்னது யாரு? கடல் கிட்டப் போகாதே, எஸ்கலேட்டர்ல பாத்து நில்லு, ட்ரெயின்ல கதவோரமா நிக்காதேன்னு. நான் ட்ரெயின்ல ஏறுனா வேலைய நினைக்க மாட்டேன்பா, எப்படி வெளியே போறதுன்னுதான் நினைப்பேன்."

உண்மையைச் சொன்னால் உனக்கு என்மேல் கோபம் வரும். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சொன்ன ஒவ்வொன்றையும் பிள்ளை கேட்டிருக்கிறது! என் முகத்தைப் பார்த்த ஜெயக்கொடி தொடையில் கிள்ளினாள். அப்புறம்தான் வலித்தது. கிள்ளியதைச் சொல்லவில்லை.

பைக் பேச்சும் வந்தது. அதை அவள் சிரிக்காமல் சொன்னாள். ஆபீசுக்குப் போவது மட்டுமில்லையாம். விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும்போது யாசரை இன்னும் வேகமாகப் போகச் சொல்வாளாம். "வேகமாப் போனா அந்தப் பயம் வராது, டாக்டர். வேற பயம் வரும். அது பரவாயில்லேன்னு இருந்துச்சு." அவன் ஒருநாள் முடியாது என்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டானாம். அந்தப் பையனை நான் மனதுக்குள் திட்டிய திட்டெல்லாம் திரும்பி என் மேலேயே விழுந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அக்கா. அவளும் எடுக்கவில்லை.

சிகிச்சை ஆரம்பித்தாயிற்று. விடியற்காலைச் சவாரியை அவளே விட்டுவிட்டாள். மனசு சரியான பிறகு முறையாக லைசென்ஸ் எடுப்பேன் என்கிறாள், எடுக்கட்டும். ரயிலைப் பழகுவதற்கு முதலில் ஒரே ஒரு ஸ்டேஷன் போய் இறங்க வேண்டும் என்றார் டாக்டர். துணைக்கு நான் போனேன். முதலில் அவளுக்கு வந்த அதே ஃபேரர் பார்க்கில் ஏறினோம். கதவு மூடியது. தாரணி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். அவளைப் பார்த்து எனக்கு உள்ளங்கை வியர்த்தது, காதுக்குள் இரைந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. "தாரணி, எனக்கு என்னமோ பண்ணுதும்மா" என்று கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். "அப்பா, என்னப் பாருங்க. எக்ஸிட்டப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. மெதுவா இழுங்க. இப்ப விடுங்க. ஒண்ணும் ஆகாது. இது வரும், அப்புறம் போயிடும்." ஒரு மலாய் அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்துத் தைலத்தை நீட்டினார். லிட்டில் இந்தியாவில் என்னைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிவந்தாள். தேக்காச் சந்தையில் சூடாக ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சொன்னாள்: "ப்பா, எனக்கு வரவே இல்ல. உங்களப் பாத்துக்கிட்டதுல மறந்தே போச்சு."

எனக்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். போய்க்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னபடி தாரணிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போன் செய்கிறேன். அவள் வளர்ந்த பெண், அவள் பாதையை அவள் பார்த்துக்கொள்வாள் என்பதை நான் முழு மனதாக ஏற்றுக்கொண்டுவிட்டேன். இது வந்த பிறகு நாளைதான் முதன்முறையாகத் தனியாக ரயிலில் வேலைக்குப் போகிறாள். போய் வரட்டும். எனக்குத் துளிகூடக் கவலை இல்லை. நீயும் கவலைப்படாதே.

அத்தானுக்கு என் வணக்கம். உன் ஆசி எங்கள் பிள்ளைக்கு என்றும் வேண்டும், எனக்கும் கொஞ்சம்.

உன் அன்புத் தம்பி,
அண்ணாதுரை

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. எழுத்து ஆடுவதற்கு ரயில்தான் காரணம், நான் இல்லை. தாரணி முதல் பெட்டியில் இருக்கிறாள், நான் கடைசிப் பெட்டியில். அவளுக்குத் தெரியாது. தொப்பியும் முகக்கவசமும் போட்டிருக்கிறேன். இப்போதுதான் அவளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "அப்பா, தொப்பிய முன்பக்கமா திருப்பிப் போடுங்க லா. நான் ஓகே. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி வீட்டுக்குப் போங்க. தனியா ஏறியிருக்கீங்க, பாத்தீங்களா?"