'ஏன்' அண்ணாச்சிக்காக எழுதிய ஒரு வரி

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்தவர்களில் 'ஏன்' அண்ணாச்சியைப் போல ஒரு பிடிவாதக்காரர் இதுவரை பிறக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பதிவேட்டு அறை அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் சிகிச்சை நெறிமுறைப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். டாக்டர் இம்மி விலகியிருந்தாலும் ஓரத்தில் பென்சிலால் 'ஏன்?' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பெரிய டாக்டரே அவரைக் கண்டால் எக்ஸ்ரே அறைக்குள் ஒளிந்துகொள்வார். நானோ அதே புத்தகத்தை மேஜை ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தேன். தங்க மெடல் வாங்கியவனுக்குப் புத்தகம் எதற்கு?

ஒருநாள் நிமோனியாவோடு வந்த பெரியவருக்கு, நெறிமுறை சொன்னதில் பாதி அளவுதான் ஊசி மருந்து கொடுத்தேன். மதியம் சாப்பிடக் கிளம்பியபோது அண்ணாச்சி வாசலை மறித்தார்.

"பாதிதான் குடுத்திருக்கிய. ஏன்னு எழுதலியே?"

"அவருக்குக் கிட்னி வீக்கு. எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

"உங்களுக்குத் தெரியும், சரி. நாளைக்குக் கோர்ட்டுக்கும் தெரியணும்லா?"

பசி எரிச்சலில் எழுதித் தொலைத்தேன்: 'சிறுநீரகம் பலவீனம், முழு அளவு ஆபத்து. அண்ணாச்சி சாப்பிட விடாததால் எழுதப்பட்டது.' கையெழுத்தும் நேரமும் போட்ட பிறகுதான் வழிவிட்டார்.

பெரியவர் பிழைத்தார், ஆனால் தேற ஒரு மாதமானது. மகன் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். நெறிமுறையை மீறியதே அலட்சியம்தான் என்று அவருடைய வக்கீல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். தோற்றால் ஊருக்குள் ஒருவரும் என்னிடம் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்லமாட்டார்கள். தீர்ப்பன்று கார் ஓட்டத் தைரியமில்லாமல் திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போனேன். துணைக்கு அண்ணாச்சி வந்தார்.

நீதிபதி அந்தக் குறிப்பைச் சத்தமாக வாசித்தார். இரண்டாவது வாக்கியத்தையும் விடவில்லை. கோர்ட்டே சிரித்தது, நான் மேஜைக்கடியில் இடம் தேடினேன். நெறிமுறை என்பது வழிகாட்டிதான், சட்டமல்ல. தக்க காரணத்தோடு விலகினால் அலட்சியமாகாது. காரணம் அன்றைக்கே எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"வெரசா வாங்க டாக்டர், பஸ்ஸு போயிரும்" என்றார் அண்ணாச்சி.

சேரன்மகாதேவி தாண்டுமுன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்த மனுஷன்மேல் எனக்கு இத்தனை பாசம் இருந்தது அன்றுதான் தெரிந்தது. ஊர் வரும்வரை தோளை அசைக்கவேயில்லை.