மகாராஜா தாரை வார்த்தார்

கிரீடம் நழுவி அப்பாதுரையின் மூக்கில் வந்து உட்கார்ந்தது.

"பெரிய நடிகருக்குச் செஞ்சதுங்க," என்று உள்ளே ஒரு துண்டைத் திணித்தான் ராமன். ஒரு மாதமாக ஊரில் ராஜா ராணிப் படம் பிடித்துக்கொண்டிருந்த கம்பெனியின் தையல்காரன்.

இவனுக்குத்தான் மகள் சரோஜாவைக் கேட்டு வந்தார்கள். "நம்ம ஜனத்துல பையனா இல்ல?" என்று வாசலோடு துரத்திவிட்டார் அப்பாதுரை. "அப்பா கையால தாரை வார்த்தாதான் கட்டிக்குவேன், இல்லாட்டி கல்யாணமே வேணாம்," என்று மகளும் சொல்லிவிட்டாள்.

ஆனால் அவன் கொண்டுவந்த ராஜா வேஷம் வேறு விஷயம். கீழ்பென்னாத்தூர் மல்லாட்டைக் கடலை மண்டிக்காரரைத் திரையில் உலகமே பார்க்கப்போகிறதே!

துண்டு திணித்ததும் கிரீடம் காதை அமுக்கியது. கண்ணாடி கோணிக்கொண்டது.

"கழட்டிடுங்க. ராஜா காலத்துல ஏதுங்க கண்ணாடி?"

கழற்றினார். அடி அண்ணாமலைக் கோயில் மண்டபம் பனியில் மிதந்தது. மலை வெறும் நீலமானது. விளக்கெல்லாம் பூவாக விரிந்தன. அந்த மயக்கத்தில் அங்கியை மிதித்துக் கிழித்தார். ராமன் இழுத்து ஊசி குத்தினான். அப்புறம் குனியவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.

"கதை என்னப்பா?"

"இளவரசி குதிரைக்காரனை விரும்புறா. ராஜா ஒத்துக்கல. கடைசியில மனசு இளகி அவரே தாரை வார்க்கிறாரு."

"பெரிய மனசுதான்!"

"குதிரைக்காரனைக் கூட்டியாரேன்," என்று ராமன் நழுவினான்.

கறுப்புத் துணி போர்த்திய காமிரா கடகடவென்று ஓடியது. "ஆக்‌ஷன்!" என்றது ஒரு குரல்.

முகத்தை மறைத்த பூத்திரைக்குள் இளவரசி விசும்பினாள். ராணி வேஷக்காரி செம்பை நீட்டி, முழங்கையில் ஓர் இடி இடித்தாள். வீட்டில் மனைவி கஸ்தூரி இடிப்பாளே, அதே இடி. நல்ல நடிகை என்று மெச்சிக்கொண்டார்.

இளவரசி அவர் விரலை இறுகப் பிடித்தாள். கார்த்திகைத் தீபக் கூட்டத்தில் சின்ன சரோஜா இப்படித்தான் பிடித்துக்கொள்வாள். யாரும் சொல்லித்தராத வசனம் தானாக வந்தது.

"ஜனமாவது ஒண்ணாவது! நீ சந்தோஷமா இருந்தா போதும்மா!"

செம்புத் தண்ணீர் விழுந்தது. மேளம் கொட்டியது. குதிரைக்காரன் தாலி கட்டினான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அழுதார்கள்.

அப்பாதுரையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயச வாளியோடு வந்த சமையல்காரர் சுப்பனைப் பிடித்தார். "நம்ம மூஞ்சி காமிராவுல நல்லா விழுந்திருக்குமா?"

"காமிரா ஏதுங்க? கம்பெனி நேத்தே மெட்ராஸ் போயிடுச்சே. அது மாப்பிள்ளையோட தையல் மெஷினுங்க!"