உப்பிட்டவளை உள்ளளவும் நினை

குழாய்க்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மருந்தைக் குடிக்கப்போவதில்லை. குடித்த மாதிரி காட்டப்போகிறார். இந்த முடிவிலிருந்து அவரை அசைக்க உலகத்தில் யாராலும் முடியாது, வீட்டம்மா ஒருத்தியைத் தவிர.

ஆள் யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தத் தெருவில் எந்த வீட்டில் தண்ணீர் போகாமல் நின்றாலும் போன் இவருக்குத்தான் வரும். அடைப்பு எடுப்பதில் சூரர். சும்மா கம்பியை விட்டுக் குத்துகிற ரகம் இல்லை. நீளமான ஒயரின் நுனியில் குட்டிக் கேமரா. அதைக் குழாய்க்குள் விட்டு, கையிலிருக்கும் திரையைப் பார்த்துக்கொண்டே, "இதோ, இந்த வளைவுலதான் வில்லங்கம்" என்று விரல் வைத்துக் காட்டுவார். வீட்டுக்காரர்களுக்கு இலவசமாக ஒரு புத்திமதியும் உண்டு.

"அடைச்சப்புறம் கூப்பிடாதீங்க. அடைக்கறதுக்கு முன்னாடியே கேமரா விட்டுப் பாத்துடணும். செலவும் கம்மி, நாத்தமும் கம்மி."

ஊருக்குத்தான் உபதேசம். உபதேசம் வீடு தேடி வந்தபோது மனிதர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அது வந்தது அண்ணன் வழியாக. அண்ணன் பெருங்குடலில் புற்றுநோய் வந்து போய்ச் சேர்ந்தவர். ரத்தம் போவதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மூடி மறைத்தார். சொன்னபோது டாக்டர்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கூடப் பிறந்தவர்கள் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது என்று அன்றைக்கே டாக்டர் சொன்னார். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் குழாய்க்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு சரி. மழை வந்தது, வேலை ஜாஸ்தி என்றார். மழை நின்றது; வேலையே இல்லை, மனசு சரியில்லை என்றார்.

"ஊர்ல இருக்கற சாக்கடைக்கெல்லாம் கேமரா விடறீங்க. உங்களுக்கு ஒரு தடவை விட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று ஆரம்பித்தாள் வீட்டம்மா.

"அது குழாய்டி. இது நான்."

"ரெண்டுலயும் போறது ஒண்ணுதானே?"

"மரியாதை, மரியாதை!"

"சரிங்க. ரெண்டுலயும் போறது ஒண்ணுதானுங்களே?"

குழாய்க்காரர் கொஞ்ச நேரம் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"போய்ப் பாத்து, ஏதாவது இருந்துட்டா?"

"இருந்தா எடுத்துடுவாங்க."

"எடுக்க முடியாதபடி இருந்தா?"

வீட்டம்மாவுக்கு வாய் ஓயாது என்று பெயர். அவள் பேப்பரை அவர் முகத்திலிருந்து கீழே இறக்கிவிட்டுத்தான் பேசினாள். "உங்க அண்ணி இன்னும் சாப்பாட்டு நேரத்துக்கு ரெண்டு தட்டு எடுக்கறாங்க. அப்புறம் ஞாபகம் வந்து ஒண்ணைத் திரும்ப உள்ள வைக்கறாங்க. நேத்துகூடப் பாத்துட்டு வந்தேன். எனக்கு அந்தப் பொழப்பு வேண்டாம்," என்றாள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். சில நாள் முன்னாலிருந்தே விதை, கொட்டை, தோல், நார் எதுவும் கூடாது. முந்தின நாள் முழுக்கத் தெளிவான நீராகாரம் மட்டும்.

"தெளிவுன்னா?" என்றார் குழாய்க்காரர்.

"டம்ளரைத் தூக்கிப் பிடிச்சா மறுபக்கம் தெரியணும். பால் விடாத டீ, வடிகட்டின சூப்பு, வடிகட்டின எலுமிச்சை ஜூஸ்."

"பிராந்தியில கூட மறுபக்கம் தெரியுமே?"

"அதுல மறு உலகமே தெரியும். அது கூடாது."

சாயங்காலம் பேதி மருந்துப் பொடியைக் கரைத்துப் பாதி. விடிகாலையில் மீதிப் பாதி. வெறும் தண்ணீரில் குடிக்க முடியாதவர்கள் வடிகட்டின எலுமிச்சை ஜூஸில் கலந்துகொள்ளலாம். கடைசியில் போகிறது வெறும் மஞ்சள் தண்ணீராக இருக்க வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டுக் குழாய்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். மருந்து குடிச்சும் ஒருத்தருக்கு உள்ள சுத்தமாகலைன்னா?"

"கேமரால ஒண்ணும் தெரியாதே சார். திருப்பி அனுப்பிடுவோம். வேற நாள்தான் வரணும்."

குழாய்க்காரரின் முகத்தில் பல்பு எரிந்தது. தெரியாதா அவருக்கு! சேறு நிற்கிற குழாயில் கேமராவை விட்டால் சேறுதான் தெரியும். வாக்கும் தவறாது, கேமராவும் நுழையாது. "நான் ரெடியாத்தான் வந்தேன், உடம்புதான் ஒத்துழைக்கல" என்று சொந்தபந்தத்திடம் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்து நாற்காலியிலிருந்து வீட்டம்மா அந்தப் பல்பையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பதை அன்று பார்த்து மனிதர் மறந்துபோனார்.

முந்தின நாள் வந்தது. காலையில் சூப்பு. பதினோரு மணிக்கு டீ. மத்தியானம் மறுபடி சூப்பு. பசி காதை அடைத்தது. வீட்டம்மா சமையலறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிஸ்கட் டப்பா எதிர் வீட்டுக்குக் குடி போயிருந்தது. குழாய்க்காரர் வேலைப் பையைத் துழாவினார். பல்லில் வைக்கக்கூடியதாக அதில் இருந்தது ஒரு ரப்பர் வளையம்தான்.

சாயங்காலம் இரண்டு ஜக்கு மேஜைக்கு வந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம்.

"வெள்ளைதான் உங்களுக்கு. கொஞ்சம் கொஞ்சமா முழுசும் குடிக்கணும்."

"நீலத்துல என்ன?"

"எலுமிச்சை ஜூஸ். எனக்குப் போட்டது. வாய் மாத்திக்க வேணும்னா ஒரே ஒரு டம்ளர் எடுத்துக்கோங்க. அதுக்கு மேல கை வச்சீங்க, அவ்வளவுதான்."

வெள்ளை ஜக்கிலிருந்து அவள் எதிரிலேயே ஒரு வாய் குடித்தார். உவ்வே! கடலை அப்படியே மொண்டு வைத்த மாதிரி இருந்தது. "ஆறட்டும், உள்ள போய் நிதானமாக் குடிக்கறேன்" என்று இரண்டு ஜக்கையும் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார்.

"குளிர்ந்த தண்ணிதானே? எதுக்கு ஆறணும்?"

"என் மனசு ஆறணும்!"

கதவைத் தாழ்ப்பாள் போட்டார். வெள்ளை ஜக்கைத் தண்ணீர் போகிற ஓட்டையில் அப்படியே கவிழ்த்தார். கொடகொடவென்று இறங்கியது. தான் மாட்டிய குழாய். என்ன அழகாக வாங்குகிறது என்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். வேலை முடிந்தது. பசி முடியவில்லை. நீல ஜக்கு சிரித்துக்கொண்டு நின்றது.

இந்த இடத்தில் வீட்டம்மாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது உப்புக் கை. குழம்பானாலும் சரி, ஜூஸானாலும் சரி, ஒரு சிட்டிகை என்றால் அவள் அகராதியில் ஒரு பிடி. கேட்டால், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பாள். "உன் சமையல் குப்பைக்கே போகாது, கருவாட்டுக் கூடைக்குத்தான் போகும்" என்பார் இவர். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து அதையே சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு மரத்துப்போயிருந்தது. எலுமிச்சை ஜூஸ் அன்றைக்கும் கரித்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே கரித்தது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரு டம்ளர் குடித்தார். எனக்கே உத்தரவா என்று இன்னொரு டம்ளர் குடித்தார். அப்புறம் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு ஜக்கோடு குடித்தார்.

முக்கால் மணி நேரம் டிவி பார்த்தார். திடீரென்று வயிற்றுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

எழுந்தார். நடந்தார். ஓடினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் மறுபடியும் ஓடினார். இது என்ன கூத்து? மருந்துதான் குழாயோடு போயாச்சே! யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார். பயம். பயத்தில் வயிற்றைக் கலக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? தைரியசாலி என்று தன்னை நினைத்திருந்த மனிதருக்கு இது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

"மருந்து நல்லா வேலை செய்யுது போல?" என்று வெளியிலிருந்து கேட்டாள் வீட்டம்மா.

என்ன சொல்வது? குடிக்கவில்லை என்றா?

"ஆ... ஆமா. நல்ல மருந்து."

"முழுசும் குடிச்சீங்கல்ல?"

"ஒரு சொட்டு விடல."

"அதான் கேக்குது. என் ஜூஸ் ஜக்கு காலியா இருக்கே?"

"தாகமா இருந்துச்சு!"

"குடிங்க, குடிங்க. தண்ணி வத்தக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிருக்காங்க. காலையில வேற போட்டுத் தரேன்."

விடிகாலையில் மறுபடியும் வெள்ளை, மறுபடியும் நீலம். குழாய்க்காரருக்குக் கண் உள்ளே போயிருந்தது; கால் பின்னியது. வெள்ளை ஓட்டைக்குள் இறங்கியது. துவண்ட உடம்புக்குத் தெம்பு வேண்டுமே என்று நீலத்தைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினார். குடிக்கக் குடிக்க ஓடினார். ஓட ஓடத் துவண்டார். துவளத் துவளக் குடித்தார். கடைசியில் போனது வெறும் மஞ்சள் தண்ணீர். அவ்வளவு பாடுபட்டுப் போட்ட திட்டத்துக்கு அவருடைய பயமே உலை வைத்துவிட்டது.

வீட்டம்மாவின் தம்பி காரோடு வந்து வாசலில் நின்றான். மயக்க மருந்து கொடுப்பதால் கூட ஆள் வேண்டும்.

"என்ன மாமா, பாதி ஆளாயிட்டீங்க?"

"மீதிப் பாதி குழாய்ல போயிடுச்சுடா," என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏறியது. நர்ஸம்மா ஏதோ கேட்டாள். அவர் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடும்போது எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். குழாய்க்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வீட்டம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவள் விரல்கள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடியை அவர் பார்த்தார்.

"சின்ன மொட்டு மாதிரி ரெண்டு வளர்ச்சி இருந்துச்சு. அப்பவே எடுத்தாச்சு," என்றார் டாக்டர். "சோதனைக்கு அனுப்பியிருக்கோம். பாத்த வரைக்கும் பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா விட்டு வச்சிருந்தா, போகப் போக உங்க அண்ணனுக்கு வந்த மாதிரி ஆகியிருக்கலாம். அதுல ஒண்ணு ரொம்பப் பொடிசு, ஒரு மடிப்புல ஒளிஞ்சிட்டு இருந்துச்சு. உள்ள கொஞ்சம் அழுக்கு இருந்திருந்தாலும் என் கண்ணுக்கே பட்டிருக்காது. இவ்வளவு சுத்தமா வர்றவங்க குறைவு சார். மூணு வருஷம் கழிச்சு மறுபடி வாங்க."

டாக்டர் போனதும் குழாய்க்காரர் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனை நினைத்துக்கொண்டார். வீட்டம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சட்டையைப் போடுங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

கார் தெருமுனை தாண்டியது. உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கூடவே கொழுப்பும் திரும்பி வந்தது.

"ஒரு ரகசியம் சொல்லட்டுமா?" என்றார். "நீ குடுத்த மருந்துல அந்த முதல் வாயைத் தவிர ஒரு சொட்டுகூட நான் குடிக்கல. ரெண்டு வேளையும் கொட்டிட்டேன். அப்படியிருந்தும் டாக்டர் என்ன சொன்னாரு? கேட்டேல்ல? என் குழாய் பிறவியிலேயே சுத்தம்!"

"கொட்டினது தெரியும்," என்றாள் வீட்டம்மா.

"எப்படித் தெரியும்? தாழ்ப்பாள் போட்டிருந்தேனே!"

"குளியலறைத் தண்ணி சமையலறை ஜன்னல் ஓரமாத்தானே இறங்குது? கொடகொடன்னு கேட்டுச்சு. அந்தக் குழாயை அங்க மாட்டினது யாரு?"

முன் சீட்டில் தம்பிக்காரன் இருமினான். அது இருமல் இல்லை.

"கேட்டுட்டுமா சும்மா இருந்தே?"

"வெறும் உப்புத் தண்ணியைக் கொட்டினா எனக்கென்ன? மருந்து நீல ஜக்குலதானே இருந்துச்சு."

கார் ஒரு சிக்னலில் நின்றது. குழாய்க்காரரும் நின்றுபோனார். நர்ஸம்மாவிடம் அவர் கேட்ட கேள்வி, எரிந்த பல்பு, ஒரே ஒரு டம்ளர் என்ற உத்தரவு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கன்னத்தில் அறைந்தன.

"ஆனா... அது உன் ஜூஸ் மாதிரியேதானே இருந்துச்சு!"

"இத்தனை வருஷமா உப்புக் கை, உப்புக் கைன்னு நக்கல் பண்ணீங்களே, அந்தக் கைதான் உங்களைக் காப்பாத்துச்சு. வேற எவ வீட்டுக்காரரா இருந்தாலும் முதல் வாய்லயே கண்டுபிடிச்சிருப்பாரு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. உங்க உள்ளளவைத்தான் டாக்டரே பாத்துட்டாரே. நல்லா நினைச்சுக்கோங்க."

குழாய்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார். கடைகள் ஓடின, மரங்கள் ஓடின. போனது போகட்டும். மூணு வருஷம் இருக்கிறது. மனசுக்குள் சத்தமில்லாமல் ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த தடவை வெள்ளையைக் குடித்துவிட்டு நீலத்தைக் கொட்ட வேண்டும்.

"அடுத்த தடவை ரெண்டு ஜக்குலயும் கலந்துடுவேன்," என்றாள் வீட்டம்மா, அவர் பக்கம் திரும்பாமலேயே.