கணினிக்கு எண்ணெய்க் குளியல்

படிக்காதவன் ஒரு பொருளைக் கெடுத்தால் சட்டென்று கெடுத்துவிடுவான். படித்தவன் அதைப் பற்றி எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, காரணகாரியங்களோடு கெடுப்பான். நான் இரண்டாவது ரகம்.

என் மனைவி வசந்தி அடையாறில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மாலையில் மந்தைவெளியில் எங்கள் வீட்டிலிருந்தே ஏழாம் வகுப்புக்கு ஆன்லைனில் பாடம் எடுப்பாள். அவளுடைய கணினியின் விசிறி போட்ட இரைச்சலைக் கேட்டு ஒரு பையன், "மிஸ், உங்க வீட்ல மாவு மில் ஓடுதா?" என்றான். அவள் சிரித்துவிட்டாள். நான் அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன். (என் மானம் எப்போதும் அடுத்தவர் பொருளில்தான் விழித்துக்கொள்ளும்.)

கணினியின் உள்ளுறுப்புகளை எண்ணெயில் மூழ்கடித்தால் சூடும் அடங்கும், சத்தமும் அடங்கும் என்று படித்தேன். உத்தமமானது லிக்விட் பாரபின் என்ற எண்ணெய். மருந்துக்கடையில் இருபது லிட்டர் கேட்டேன். கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்தார்.

"மலச்சிக்கலுக்கு ரெண்டு ஸ்பூன் போதும் சார். யாருக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

"டாக்டர் சீட்டு இருக்கா?"

ஆகவே செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு இறங்கிவந்தேன். மீன்கள் காலமானபின் காலியாகக் கிடந்த கண்ணாடித் தொட்டியில் கணினியைப் பிரித்து இறக்கி, எண்ணெயை ஊற்றினேன். வேலை செய்தது! விசிறி எண்ணெய்க்குள் ஓசையின்றிச் சுழன்றது.

கீழ்வீட்டுத் தணிகாசலம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தொட்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"இன்னா நைனா, எண்ணெய்க் குளியலா? இன்னிக்கு சனிக்கெழம கூட இல்லியே!"

"இது விஞ்ஞானம்ணே."

"போண்டா எப்ப போடுவே, அத்த சொல்லு."

வசந்தி மட்டும், "சத்தம் போயிடுச்சு. ஆனா பாடம் எடுக்கறப்ப தலை பின்னிக்கணும் போல இருக்கு" என்றாள்.

மார்கழி வந்தது. கூடவே, துணை முதல்வர் பதவிக்கு வசந்திக்கு நேர்காணல். ஏற்கெனவே இரண்டு முறை கைநழுவிய பதவி. இதையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். பள்ளித் தாளாளர் வெளிநாட்டில் இருந்ததால் காலை பத்து மணிக்கு ஆன்லைனில் பேச்சு. மாதிரிப் பாடம் ஒன்றும் நடத்திக் காட்ட வேண்டும். அதற்கான படங்கள், குறிப்புகள் எல்லாம் எண்ணெய்க்குள் இருந்தன.

அதுவரை இரவும் பகலும் ஓடிய கணினியை, நாளைக்கு முக்கியமான நாளாயிற்றே, ஓய்வெடுக்கட்டும் என்று முந்தின நாள் நான்தான் அணைத்தேன்.

காலையில் தொட்டி முழுக்க வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது தலைக்கு எண்ணெய் வைக்கும் எவருக்கும் தெரியும். கணினியின் சொந்தச் சூடுதான் அதை உருக்கியே வைத்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொத்தானை அமுக்கினேன். விசிறி ஒருமுறை முனகியது. பிறகு எல்லாம் தானாகவே அணைந்துவிட்டது.

வசந்தி பட்டுப்புடவையில் வந்து நின்றாள். தொட்டியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு மாவு மில்லே தேவலாம்.

"வெயில்ல வச்சா உருகிடும்" என்றேன்.

நானும் தணிகாசலமும் தொட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கினோம். ("ஏம்பா, பொணம் கூட இவ்ளோ கனம் கனக்காது!") காக்கைகள் கைப்பிடிச்சுவரில் வந்து வரிசையாக அமர்ந்தன. மணி பத்தடித்தது. வேறு வழியின்றி வசந்தி மாடிக்கே வந்து, கைபேசியிலேயே நேர்காணலில் இணைந்தாள். முதல் கேள்விகள் நல்லபடியாகப் போயின.

"மாதிரிப் பாடத்தை ஆரம்பிக்கலாமா மேடம்?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் இல்லறம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் கைபேசியைத் தொட்டியின் பக்கம் திருப்பினாள்.

"இன்னிக்குப் பாடம், உருகுநிலை. ஓரத்துல பாருங்க, கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கு. நடுவுல இன்னும் வெள்ளை. ஏன்?"

வெயில் அவளுக்காகவே வேலை பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியில் கேமரா என்மேல் திரும்பியது. "இதைச் செஞ்சவர் இவர்." முழங்கை வரை எண்ணெயோடு கைகூப்பினேன். தணிகாசலம் அவசரமாக, "நான் இல்லம்மா, நான் சும்மா தூக்க வந்தேன்!" என்று தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தார். கைபேசிக்குள் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள்.

பதவி கிடைத்தது. கணினி பிழைக்கவில்லை.

இப்போது அந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்பு வினாத்தாளில் வருடந்தோறும் ஒரு கேள்வி வருகிறது: "ஒருவர் மார்கழி மாதத்தில் தம் கணினியைத் தேங்காய் எண்ணெயில் மூழ்கவைத்தார். அவர் செய்த தவறு யாது?"

போன வருடம் ஒரு பெண், "அது அவருடைய கணினி அல்ல" என்று எழுதியிருந்தாளாம். யார் சொன்னது என்று விசாரித்துவிட்டு, துணை முதல்வர் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டார்.