பாரிசுக்குப் போகும் பெட்டி

தராசு முப்பத்தெட்டுக் கிலோ காட்டியது. விமானத்தில் முப்பதுக்கு மேல் விடமாட்டார்கள். மீனலோசனி முதலில் தன் சேலைகளை வெளியே எடுத்தாள். அது போதவில்லை. பிறகு, பாரிசில் தலைப்பிள்ளை பெறப்போகும் மகள் கிருசாந்திக்கென்று பார்த்துப் பார்த்து இடித்த பிள்ளைப்பேற்று மருந்துச் சரக்குத்தூளையும் எடுத்தாள். அப்போது அழுகை வந்துவிட்டது.

பெட்டியில் மிச்சமிருந்ததெல்லாம் கரம்பொன் ஊர் அயலட்டைச் சனம் பாரிசிலிருக்கும் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்ட பொதிகள்.

"ஏலாதெண்டு சொல்லுமன்," என்றார் கணவர் ஐயாத்துரை.

"சொல்லிப்போட்டுப் பிறகு ஆரின்ர முகத்தில முழிக்கிறது?"

ஐயாத்துரை பயணப் பதற்றம் குறையட்டும் என்று சொல்லி வாசிகசாலையிலிருந்து ஒரு பழைய உளவு நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நாவலில் ஒரு கடத்தல் கும்பல், ஒன்றுமறியாத பயணிகள் காவிச்செல்லும் மாப்பொதிகளுக்குள் வைரங்களை ஒளித்து அனுப்பியது. தொண்ணூறாம் பக்கத்தில் மீனலோசனி எழும்பிக் குசினிக்குப் போய் அரிதட்டை எடுத்தாள். அதுவரை யாரையும் சந்தேகப்பட்டறியாத மனுசி, உளவுப்படைக்கே தலைவிபோல வேலையில் இறங்கினாள்.

முதலில் பக்கத்து வீட்டு மயில்வாகனத்தின் மிளகாய்த்தூளை அரித்தாள். வைரம் இல்லை. அதே தட்டில் சறோஜினிதேவியின் வெள்ளைப் பனங்கிழங்கு ஒடியல் மாவை அரித்தாள். அதிலும் இல்லை, ஆனால் மா நன்றாகச் சிவந்துபோனது. சிவப்பைப் போக்க முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டி, சுளகால் புடைத்தாள். கடற்காற்று மிச்ச வேலையைப் பார்த்தது. மயில்வாகனம் தும்மிக்கொண்டே வேலியால் வந்தார்.

மறைக்க மீனலோசனிக்குத் தெரியாது. நடந்ததைத் தெளிவாக விளங்கப்படுத்தினாள்.

"உங்களைச் சொல்லேல்லை அண்ணை. ஆனா கதையிலயும் நல்ல மனுசர்தான் குடுத்துவிட்டவர்."

மயில்வாகனம் தன் தூளோடு போனார். கதை ஊரைச் சுற்றி வர அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. மதியத்துக்குள் எல்லாரும் வந்து தங்கள் பொதிகளை எண்ணி வாங்கினார்கள். எட்டாக வெட்டிச் சோதித்த பனம்பழப் பனாட்டைச் சின்னத்தங்கம் வாங்கியபோது நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மீனலோசனிக்கு உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் பெட்டி காலி. சரக்குத்தூள் உள்ளே போனது, சேலைகள் போயின, பேரப்பிள்ளைக்குத் தைத்த சட்டைகளும் போயின. இருபது கிலோ. வெட்கம் போய்ப் பழைய தைரியம் திரும்பியது.

"சரியான ஆக்களெண்டால் இவ்வளவு கோபம் ஏன் வருது?" என்று கணவரைக் கேட்டாள். ஐயாத்துரை பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பின்னேரம் வாசிகசாலை வின்சன்ற் புத்தகத்தைத் திருப்பி வாங்க வந்தான். இன்னும் முப்பது பக்கம் கிடக்கு, பயணத்துக்கு முதல் முடித்துத் தருகிறேன் என்றாள் மீனலோசனி.

"இதை ஒருத்தரும் முடிக்கிறேல்லை அக்கா," என்றான் வின்சன்ற். "உங்கட பெட்டியின்ர பாரம் இறங்கிட்டுதெண்டு ஐயாத்துரை அண்ணை சொன்னவர். சுருவில் ஊரில இருந்து சுவிசுக்குப் போற அக்காவின்ர புருசன் இந்தப் புத்தகத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கிறார்."