காப்பிப் பழத் தோலும் நாற்பது பன்களும்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். நீங்களும் அக்காவும் சுகமென்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

"குப்பையைத் தின்னச் சொல்றியே, உனக்குப் புத்தி இருக்கா?" என்று போனில் கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில். நான் மேற்பார்வை பார்க்கும் ஆலையில் காப்பிப் பழத்தை உரித்துக் கொட்டையை எடுத்த பிறகு, தோலும் சதையும் மலைபோல் குவிகின்றன. அது புளித்து நாறி, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றதும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஒரு மாசத்துல குவியல் போகணும், இல்லன்னா நீ போகணும்" என்றார். நான் அசரவில்லை. அந்தத் தோலில் நார்ச்சத்து உண்டு, புரதம் உண்டு, பொட்டாசியம் உண்டு. அதைத் தூக்கியெறியும் நாம்தான் மடையர்கள். ஆகவே அன்றன்று உரித்த தோலைக் கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, மாவாக அரைத்து, முதலில் பால்காரரின் மாட்டுக்கு ஒரு வாளி வைத்தேன். மறுநாள் அவர் ஓடிவந்து, "சார், மாடு படுக்கவே மாட்டேங்குது, என்னையே முறைச்சுப் பாக்குது!" என்றார். காப்பியின் குணம் தோலிலும் இருக்குமல்லவா, அளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். மாடு மூன்றாம் நாள் தெளிந்தது. பால்காரர்தான் இன்னும் தெளியவில்லை. அடுத்து முழுக்க அந்த மாவிலேயே நானே ரொட்டி சுட்டேன். பக்கத்து வீட்டு வாத்தியார் மரியாதைக்கு ஒரு கடி கடித்தார், பல்செட் ரொட்டியோடு வந்துவிட்டது. அப்போதுதான் என் மனைவி, "தள்ளுங்க, பத்துப் பங்கு மைதாவுக்கு இது ஒரு பங்கு போதும்" என்று அடுப்படியைக் கைப்பற்றினாள். நாற்பது பன். ஆலைக் கேன்டீனில் பத்தே நிமிஷத்தில் காலி! முதலாளி மூன்று தின்றுவிட்டு, "யோவ், குவியல்ல எவனும் கை வைக்கக் கூடாது, அது தங்கம்யா!" என்று கத்தி, பெரிய அடுப்புக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார். என் வேலையும் பிழைத்தது. ரிட்டயராகி வீட்டில் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிக்கும் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து விற்பனையைக் கவனிக்கவும்.

அக்காவின் மூட்டுவலி சீக்கிரம் விலகவும், உங்கள் சந்தேகம் அதற்கு முன்பே விலகவும் வேண்டும்,

அன்பு மைத்துனன்.

பி.கு: உறையில் போடுமுன் என் மனைவி இதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏங்க, அந்த நாப்பதுலயும் உங்க மாவு ஒரு சிட்டிகைகூட இல்லீங்க. உங்க வேலை போயிடுமேன்னு பயந்து, மைதாவும் கோகோ தூளும்தான் போட்டேன்."

"அப்போ என் மாவு?"

"சாணியோட மக்க வச்சு ரோஜாச் செடிக்குப் போட்டேன். போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். இலையே தெரியாமல் பூத்திருக்கிறது! ஆகவே அத்தான், பன்னை மறந்துவிடவும், நாம் உரம் விற்கிறோம். அடுப்பு நாளை வந்து இறங்குகிறது. முதலாளியிடம் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள். வெளியூர் விருந்தாளியை அவர் அடிக்க மாட்டார்.