மூடி மட்டும் உடையவில்லை

எனக்குப் பயம் என்பதே கிடையாது, மனைவி வீட்டில் இல்லாத நேரங்களில். அன்று அவள் கடைக்குக் கிளம்பும்போது, "அலமாரி மேல ஒரே தூசி. அதெல்லாம் துடைக்க உங்களால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. துணியை எடுத்தேன். துணி லேசாகத்தான் பட்டது. மேலே இருந்த பெரிய பீங்கான் ஜாடி கீழே வந்துவிட்டது. மூடி மட்டும் என் கையில் மிஞ்சியது.

வேறு ஜாடியாக இருந்தால் பெருக்கித் தள்ளியிருப்பேன். இது எங்கள் கல்யாணத்துக்கு மச்சான் கொடுத்தது. அவருக்குத் தொழில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பது. வந்தால் முதலில் ஜாடியைத்தான் விசாரிப்பார், அப்புறம் தங்கையை. என் முறை வருவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். "ஜாடிக்கேத்த மூடி" என்று எங்களை வாழ்த்திய வாய் பெரியது. கை அதைவிடப் பெரியது. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

அப்போதுதான் கீழ்த்தளத்து ஓவிய டீச்சரின் திட்டம் ஞாபகம் வந்தது. உடைந்த சாமான்களைப் பெயர் சொல்லாமல் குடியிருப்பின் பொது அறையில் வைத்துவிட வேண்டும். வேறு வீட்டார் எடுத்துப் போய், ஒட்டியோ வெட்டியோ புதிதாக ஒன்று செய்து வர வேண்டும். ஞாயிறன்று கண்காட்சி. ஜாடி யார் கையிலாவது கோழியாகவோ கோபுரமாகவோ மாறிவிட்டால், "ஜாடியைக் காணோமே!" என்று நானும் சேர்ந்து தேடலாம். சில்லுகளை என் பழைய கோடு போட்ட சட்டையில் மூட்டை கட்டி, பூனை மாதிரி இறங்கி வைத்துவிட்டு வந்தேன்.

மாலை மனைவி படியேறி வந்தாள். கையில் அதே மூட்டை.

"நமக்கு இதுதான் கிடைச்சுது. யார் வீட்டு ஜாடியோ, பாவம். வாங்க, நீங்க பிடிங்க, நான் ஒட்டுறேன்."

என் நாக்கு பசையில்லாமலே மேலே ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, இப்படி வேர்க்குது?"

"பசை வாசனை ஒத்துக்கல."

"டப்பாவை இன்னும் திறக்கவே இல்லையே!"

அலமாரி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பினால் என் கதை முடிந்தது.

"இது நம்ம ஜாடி மாதிரியே இல்ல?"

"சேச்சே! நம்மது நீலம்."

"இதுவும் நீலந்தான்."

"நம்மது... நல்ல நீலம்."

"ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துடலாமா?"

"வேண்டாம், வேண்டாம்! நீ உக்காரு. உனக்கு என்ன வேணும், சொல்லு."

அவள் யோசித்தாள். "உங்க சாய்வு நாற்காலி கிழிஞ்சு கிடக்குதே, அதையும் கண்காட்சிக்குக் குடுத்துடலாமா?"

என் முதுகின் பள்ளம் அப்படியே பதிந்த நாற்காலி. கல்யாணமான நாளிலிருந்து போராடிக் காப்பாற்றி வந்தது.

"குடுத்துடு."

"காலையில பால் வாங்குற வேலை?"

"அதை எனக்குக் குடுத்துடு."

ஞாயிறன்று பொது அறையில் ஜாடி, ஒட்டின இடைவெளிகளில் வெளிச்சம் கசியும் மேஜை விளக்காக நின்றது. பக்கத்திலேயே என் நாற்காலி. எதிர்வீட்டுக்காரர் கைவண்ணத்தில் செருப்பு ஸ்டாண்டாகியிருந்தது.

மச்சான் வந்தார். விளக்கின் முன் குனிந்தார்.

"இது நான் குடுத்த ஜாடியில்ல? யாரு உடைச்சது?"

மனைவி தரையைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. அவளும் பயப்படுவாள் என்று அன்றுதான் பார்த்தேன்.

"நான்தான், மச்சான். தெரியாம... ஒட்டினதும் நாங்கதான்." கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கை வந்து தோளில் விழுந்தது. தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

"போகட்டும் மாப்ளே. உடைச்சவரே ஒட்டிட்டீங்க. இனிமே அந்த அலமாரிப் பக்கம் போகாதீங்க."

உயிர் பிழைத்த தெம்பில் விளக்கை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மனைவியிடம் மன்னிப்பும் கேட்டேன்.

"மூட்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. உங்க சட்டைக்குப் பொத்தான் தைக்கிறவ நான்தானே?" என்று சிரித்தாள்.

அப்போதுதான் விளக்கின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. நாங்கள் போட்டது வெள்ளைப் பசை. அங்கே காய்ந்துபோன மஞ்சள் பசை, ஒரு கோடாக ஓடியது.

"இது ஏது?"

மனைவி விளக்கின் சுவிட்சைப் போட்டாள். "அது போன மாசம் நான் உடைச்சப்ப ஒட்டினதுங்க. நீங்க எப்போ துடைப்பீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."